சி.ஆர்.பி. 0.6 ஆ, 6 ஆ?

சினைப்பை நீர்க்கட்டிக்காக மார்த்தாண்டத்தில் ஸ்கேன், பாறசாலை தாண்டித் திருவனந்தபுரத்தில் ரத்தப் பரிசோதனை. களியக்காவிளைப் பக்கம் இது சகஜம். இரண்டு லேப் ரிப்போர்ட்டுகளைப் பக்கத்தில் வைத்தால் ஒன்றில் உடம்பின் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. 0.6, இன்னொன்றில் 6 என்றிருக்கும். பதறுவதற்கு முன் அலகைப் பாருங்கள். முன்னது டெசிலிட்டருக்கு மில்லிகிராம், பின்னது லிட்டருக்கு மில்லிகிராம். அளவு ஒன்றேதான்.

சி.ஆர்.பி. கல்லீரலில் உருவாகும் புரதம். உடம்பில் எங்காவது அழற்சி என்றால் அங்குள்ள செல்கள் இன்டர்லூகின்-6 என்ற பொருளை ரத்தத்தில் விடும். அது கல்லீரலைத் தூண்ட, 6 முதல் 8 மணி நேரத்தில் சி.ஆர்.பி. ஏறத் தொடங்கி, ஏறக்குறைய 48 மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும். அழற்சி அடங்கியதும் சுமார் 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். கோளாறு எந்த உறுப்பில் என்று மட்டும் சொல்லாது. ஈறு வீங்கினாலும் ஏறும், காய்ச்சலுக்கும் ஏறும்.

மாதச் சுழற்சியில் வரும் சாதாரண நீர்க்கட்டி பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தில் தானாகவே வற்றிவிடும், சி.ஆர்.பி.யை அசைக்காது. பிசிஓடி என்ற ஹார்மோன் கோளாறின் கதை வேறு. ஸ்கேனில் தெரிபவை உண்மையில் கட்டிகளே அல்ல, பாதியில் வளர்ச்சி நின்ற 2 முதல் 9 மில்லிமீட்டர் கருமுட்டைப் பைகள். வயிற்றுக் கொழுப்பிலிருந்து இன்டர்லூகின்-6 கசிகிறது, இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் ரத்தத்தில் மிகுகிறது, அந்த இன்சுலின் சினைப்பையை உசுப்பி ஆண் ஹார்மோனைக் கூட்டுகிறது. இந்த நாள்பட்ட, லேசான அழற்சியைச் சாதா சி.ஆர்.பி. சோதனை தவறவிடும், நுண்ணிய அளவையும் காட்டும் எச்.எஸ்.-சி.ஆர்.பி. என்று எழுதிக் கேட்க வேண்டும். வெறும் வயிறு தேவையில்லை. ஆனால் சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் சேர்த்தே ரத்தம் எடுப்பதானால் காலையில் சாப்பிடாமல் போவது நல்லது, ஒரே குத்தோடு முடியும்.

லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழ், 1 முதல் 3, 3க்கு மேல் என்ற பிரிவுகள் இதயநோய் அபாயத்தைக் கணிக்க வகுத்தவை. பிசிஓடி என்று முடிவுகட்ட 2003 ராட்டர்டாம் வரையறை சொல்வது மாதவிலக்குக் கோளாறு, ஆண் ஹார்மோன் மிகுதி, ஸ்கேன் தோற்றம் ஆகிய மூன்றில் இரண்டு, சி.ஆர்.பி. அதில் இல்லை. சி.ஆர்.பி. 10ஐத் தாண்டினால் பிசிஓடி மேல் பழிபோடாமல் தொற்று இருக்கிறதா என்று பார்த்து, இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுப்பதே முறை.

பலரும் கோட்டைவிடுவது மாத்திரையை. மாதவிலக்கைச் சீராக்கத் தரும் ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையே எச்.எஸ்.-சி.ஆர்.பி.யை ஏற்றும். ரத்தம் கொடுக்கும்போது அதைச் சொல்லாவிட்டால், மருந்தின் வேலை நோயின் கணக்கில் ஏறிவிடும்.

குழாயில் ரத்தச் சிவப்பணுக்கள் படியும் வேகத்தை வைத்து அழற்சியைக் கணிக்கும் இ.எஸ்.ஆர். இன்னும் முரட்டு அளவுகோல். ரத்தசோகை இருந்தால் கூடும், சோதனைக்குழாய் லேசாகச் சாய்ந்து நின்றாலும் கூடும். ஹீமோகுளோபினைப் பார்க்காமல் இ.எஸ்.ஆரை மட்டும் படிப்பதில் பயனில்லை.

ஒன்றில் மட்டும் இந்த எண்களை நம்பி உட்காரக் கூடாது. கட்டியோடு சினைப்பை முறுக்கிக்கொண்டால் அடிவயிற்றில் ஒரு பக்கம் திடீரென்று குத்தி வலிக்கும், வாந்தி வரும். முதல் சில மணி நேரம் சி.ஆர்.பி. நார்மலாகவே இருக்கலாம், ஏனென்றால் கல்லீரல் இன்னும் வேலையைத் தொடங்கியிருக்காது. அப்போது ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல், அறுவை சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு நேரே போய், ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுக்க வேண்டும். டாப்ளரில் ரத்த ஓட்டம் தெரிந்தாலும் வலி நிற்கவில்லையென்றால் மகப்பேறு மருத்துவர் பார்க்காமல் வீடு திரும்பக் கூடாது.