வட்டமாகத் தெரிவதெல்லாம் ஸ்கிர்மியான் இல்லை

மெல்லிய காந்தப் படலங்களை உருவாக்கி அளப்பது என் வேலை. சிங்கப்பூரின் ஒன்-நார்த் பக்கம் ஆய்வகம். பார்க்க வரும் தொடக்கக் கல்லூரி மாணவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "சார், ஸ்கிர்மியான் வந்துட்டா ஹார்ட் டிஸ்க் எல்லாம் போயிடுமா?" ஸ்கிர்மியான் என்பது காந்தப் படலத்தில் உண்டாகும் மிகச் சிறிய சுழல்; அதில் தகவலைச் சேமிக்கலாம் என்பது எதிர்பார்ப்பு. ஹார்ட் டிஸ்க் தொழிற்சாலையில் வேலை பார்த்த மாமாவோ அத்தையோ இங்கே பல குடும்பங்களில் உண்டு. அதனால் அந்தக் கேள்வியில் கொஞ்சம் கவலையும் கலந்திருக்கும்.

ஸ்கிர்மியானைப் பற்றிச் செய்திகளில் இப்படி வருகிறது: சில நானோமீட்டர் அளவு, அறை வெப்பநிலையில் வேலை செய்யும், மின்சாரம் மிகக் குறைவு, எளிதில் அழியாது. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் அடிப்படை உண்டு. சிக்கல் என்னவென்றால், இவையெல்லாம் ஒரே பொருளில் கிடைத்தவை அல்ல.

காந்தப் படலத்தில் அணுக்களின் காந்தத் திசை எல்லாம் மேல்நோக்கி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நடுவில் ஒரு சிறு வட்டத்தில் மட்டும் கீழ்நோக்கி இருக்கிறது. இடைப்பட்ட பகுதியில் திசை எப்போதும் ஒரே கைப்பக்கமாகச் சுழன்று திரும்புகிறது. அதுதான் ஸ்கிர்மியான். இப்படி ஒன்று இருக்க முடியும் என்று 1989இல் கணித்தார்கள். 2009இல் மாங்கனீஸ் சிலிசைடு படிகத்தில் கண்டார்கள், அதுவும் 30 கெல்வினுக்கு (சுமார் மைனஸ் 243 டிகிரி செல்சியஸ்) கீழே. 2013இல் ஹாம்பர்க் குழு, இரிடியத்தின் மேல் அணுத் தடிமனில் படிந்த பலேடியம்-இரும்புப் படலத்தில், ஊசி முனை மின்னோட்டத்தால் ஒவ்வொரு ஸ்கிர்மியானாக எழுதியும் அழித்தும் காட்டியது. அளவு சில நானோமீட்டர்தான். ஆனால் 4.2 கெல்வின் குளிரும் சில டெஸ்லா காந்தப்புலமும் தேவைப்பட்டன.

அறை வெப்பநிலையில் ஸ்கிர்மியான் நிலையாகக் கைகூடியது பிளாட்டினம், கோபால்ட், இரிடியம் போன்றவற்றை அடுக்கடுக்காகப் படியவைத்த பிறகு. 2016இல் ஒன்றுக்கு மேற்பட்ட குழுக்கள் இதை வெளியிட்டன. மறு ஆண்டு சிங்கப்பூர் குழு ஒன்று, இரிடியம்-இரும்பு-கோபால்ட்-பிளாட்டினம் அடுக்கில் இரும்பு, கோபால்ட் தடிமனை மாற்றியே ஸ்கிர்மியானின் பண்புகளைத் திருத்த முடியும் என்று காட்டியது. ஒவ்வொரு அடுக்கும் ஒரு நானோமீட்டர் அளவில்தான் இருக்கும். 0.1 நானோமீட்டர், அதாவது சராசரியாக அரை அணு அடுக்கு, கூடிக் குறைந்தாலே படலத்தின் குணம் மாறிவிடும். இங்கே ஸ்கிர்மியானின் அளவோ பெரும்பாலும் பத்துக்கணக்கான நானோமீட்டர், சிலவற்றில் நூறையும் தாண்டும்.

மின்சாரக் கணக்கில்தான் குழப்பம் அதிகம். "மிகக் குறைந்த மின்னோட்டம் போதும்" என்ற பேச்சு 2010இல் மாங்கனீஸ் சிலிசைடில் செய்த அளவீட்டிலிருந்து வந்தது: சதுர மீட்டருக்குப் பத்து லட்சம் ஆம்பியர் அளவு. அடுக்குப் படலத்தில் ஸ்கிர்மியானை வேகமாக நகர்த்த, சதுர மீட்டருக்குப் பத்தாயிரம் கோடி ஆம்பியருக்கு மேல் கொடுக்கிறோம். ஒரு லட்சம் மடங்கு வித்தியாசம்! படலத்தின் நுண்படிக மணிகளும் குறைகளும் ஸ்கிர்மியானைப் பிடித்துவைத்துக்கொள்வது இதற்கு ஒரு காரணம். நகர்ந்தாலும் நேராகப் போகாது, ஒரு பக்கமாகச் சாயும். பாதையின் ஓரத்தில் மோதினால் மறைந்தும் போகலாம். எதிரெதிர் காந்தத் திசை கொண்ட இரு அடுக்குகளை இணைத்தால் இந்தச் சாய்வு பெருமளவு அடங்கும். அடுக்கு கூடக் கூடப் படியவைப்பவர் பாடுதான் திண்டாட்டம்.

'அழியாது' என்பதற்கு வருவோம். உச்சந்தலைச் சுழியை எப்படி வாரினாலும் நீக்க முடியாது அல்லவா, கணிதம் சொல்வதும் கிட்டத்தட்ட அதுதான். ஆனால் அந்தக் கணிதம் இடைவெளியே இல்லாத தொடர்ச்சியான படலத்துக்கானது. நிஜப் படலம் அணுக்களால் ஆனது. வட்டம் சில அணு அளவுக்குச் சுருங்கினால் நடுவிலிருப்பவை புரண்டு எல்லாம் முடிந்துவிடும். அதைத் தடுப்பது ஓர் ஆற்றல் தடை மட்டுமே. சூடு அதைத் தாண்ட வைக்கும்.

படங்களையும் உடனே நம்பிவிடாதீர்கள். செங்குத்துக் காந்தப்புலத்தை மெல்ல ஏற்றினால், படலத்தில் வரிவரியாக இருந்த காந்தப் பகுதிகள் சுருங்கிப் புள்ளிகளாகும். காந்தவிசை நுண்ணோக்கியில் அவை அழகான வட்டங்களாகத் தெரியும். அந்தக் கருவி காண்பது வெளியே கசியும் புலத்தை. விளிம்பில் திசை எந்தப் பக்கம் சுழல்கிறது என்பதை அது நேரடியாகச் சொல்லாது. விளிம்பில் ஒரே கைப்பக்கமாகச் சுழலாத சாதாரணக் காந்தக் குமிழும் அதேபோல்தான் தெரியும். போதாததற்கு, படலத்தின் மேல் நகர்ந்து படமெடுக்கும் அந்தக் கருவியின் ஊசியும் ஒரு காந்தம். பார்க்கும்போதே சிலவற்றை நகர்த்திவிடும், சிலவற்றைப் புதிதாக உண்டாக்கியும்விடும். எனக்குத் தெரிந்தவரை, முதல் முறையாகப் படம் எடுக்கும் மாணவர்கள் ஏமாறுவது இங்கேதான். ஊசியை உயர்த்திவைத்து மறுபடி எடுத்துப் பார்க்கச் சொல்வேன். அப்புறம் சுழற்சியைக் காட்டக்கூடிய வேறு முறையிலும் சரிபார்க்க வேண்டும்.

இதையெல்லாம் சொல்வதால் எனக்கு நம்பிக்கை இல்லை என்று நினைக்க வேண்டாம். 2024இல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் வெளியிட்ட வேலை எனக்குப் பிடித்தது. ஒரே கருவிக்குள் தனி ஸ்கிர்மியானை மின்சார முறையிலேயே உண்டாக்கி, அழித்து, மின்தடை மாற்றத்தால் படிக்கவும் செய்தார்கள். நுண்ணோக்கி இல்லாமல் படிக்க முடிவது பெரிய விஷயம்.

இன்று விலைக்குக் கிடைக்கும் ஸ்பின்ட்ரானிக்ஸ் (எலக்ட்ரானின் காந்தப் பண்பைப் பயன்படுத்தும் நுட்பம்) நினைவகம் எம்ரேம் (MRAM). அதில் ஸ்கிர்மியான் இல்லை. ஆனால் ஹார்ட் டிஸ்க்கின் படிக்கும் முனையும், எம்ரேமும், இந்த 2024 கருவியும் நம்பியிருப்பது மெல்லிய மின்காப்பு அடுக்கை இரு காந்தங்களுக்கு நடுவே வைக்கும் அதே வகைச் சந்தியைத்தான். எனவே இத்துறைக்கு வர நினைக்கும் மாணவர்கள் முதலில் வெற்றிடக் கருவியில் படலம் படியவைக்கவும், அதன் தடிமனைச் சரியாக அளக்கவும் பழகிக்கொள்ளுங்கள். ஸ்கிர்மியான் சந்தைக்கு வரத் தாமதமானாலும் அந்தத் திறனுக்கு இங்கே வேலை உண்டு.