பக்கத்து வேரில் நீர் குடிக்கும் சந்தனம்

களை கொத்தி, எருவிட்டு, சுற்றிலும் ஒரு புல்கூட இல்லாமல் துப்புரவாக வைத்திருக்கும் நிலத்தில் சந்தனக் கன்று வெளிறிக் குன்றிப்போவதும், பறவையின் எச்சத்தோடு வேலியோரப் புதருக்குள் விழுந்து தானாக முளைத்த கன்று செழித்து வளர்வதும் பலருக்குப் புதிராகவே இருந்துவருகின்றன. விடை மண்ணுக்கு அடியில் இருக்கிறது.

சாண்டலம் ஆல்பம் என்று தாவரவியலார் அழைக்கும் இந்திய சந்தனம் ஓர் அரை ஒட்டுண்ணி. இதை 1871ஆம் ஆண்டில் ஜான் ஸ்காட் என்ற தாவரவியலாளர் கண்டறிந்தார். பச்சை இலைகள் இருப்பதால் மாவுச்சத்தைச் சந்தனம் தானே தயாரித்துக்கொள்கிறது. ஆனால் நீரையும் தாது உப்புகளையும் போதிய அளவு திரட்டிக்கொள்ளும் திறன் அதன் வேருக்குக் குறைவு. ஆகவே அதன் பக்கவேர்கள் அயல் வேரைத் தொட்ட இடத்தில் வெளிறிய சிறு குமிழ் போன்ற உறிஞ்சு உறுப்பு ஒன்று உருவாகி, அந்த வேரின் பட்டையைத் துளைத்து உள்ளே நுழைந்து, நீர் ஏறும் சைலக் குழாய்களைச் சென்றடைகிறது. சந்தனத்தின் இலைகள் நீரைத் தாராளமாக ஆவியாக்குவதால் தண்டுக்குள் இழுவிசை கூடுகிறது. பக்கத்து மரம் உறிஞ்சிய நீரில் ஒரு பங்கு, அதில் கரைந்துள்ள நைட்ரஜன் சேர்மங்களோடு, இந்தப் பக்கம் திரும்பிவிடுகிறது. மாமரக் கிளையில் தொற்றிக்கொண்டு உழவரை எரிச்சலூட்டும் புல்லுருவியும் இதே வேலையைத்தான் செய்கிறது. தாவர வகைப்பாட்டில் இரண்டும் ஒரே வரிசையைச் சேர்ந்தவை என்பதில் வியப்பில்லை.

எனவே சந்தனம் வளர்ப்பவரின் பாதி உழைப்பு துணைச்செடிகளை வளர்ப்பதில்தான் செல்கிறது. கருஊதா நிறத்தில் பழுத்த கனியின் சதையைக் கழுவி நீக்கி, விதையை நிழலில் உலர்த்த வேண்டும். புது விதை ஏறத்தாழ இரண்டு மாதங்கள் உறக்கத்தில் இருக்கும் என்பதால், லிட்டருக்கு அரை கிராம் ஜிப்பரெல்லிக் அமிலம் என்னும் பயிர் வளர்ச்சி ஊக்கி கலந்த நீரில் ஓர் இரவு முழுக்க ஊறவைத்து மணல் பாத்தியில் விதைப்பது வழக்கம். நான்கைந்து இலை விட்ட நாற்றைப் பாலித்தீன் பைக்கு மாற்றும்போதே, அதே பையில் ஒரு துவரை விதையையும் ஊன்றிவிட வேண்டும். துவரை ஓங்கி வளர்ந்து நாற்றை மூடிவிடாதபடி அடிக்கடி நுனி கிள்ளுவது முக்கியம். இதில் சோம்பல்பட்டால் துணையே பகையாகிவிடும்.

துவரையின் ஆயுள் குறைவு. அது ஓய்வதற்குள் சந்தனத்தின் வேர் அடுத்த துணையைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்பதால், வயலில் அகத்தி போன்று விரைவாக வளரும் மரத்தை அருகிலும், சவுக்கு, புங்கம் போன்று நீண்டகாலம் நிற்கும் மரங்களைச் சற்றுத் தள்ளியும் நடுகிறார்கள். இவை மூன்றுமே வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களின் உதவியால் காற்றிலுள்ள நைட்ரஜனை நிலைநிறுத்துபவை. ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வுகளில், இத்தகைய துணையோடு வளர்ந்த சந்தனம் தைலமரத்தின் துணையோடு வளர்ந்ததைவிடத் தெளிவாக மேலோங்கி நின்றது. மண் எதுவானாலும் வடிகால் நன்றாக இருக்க வேண்டும். தேங்கிய நீரைச் சந்தனம் பொறுக்காது. இளங்கன்றுக்கு அரைநிழல் நல்லது. வளர்ந்தபின் உச்சிக்கு வெயில் வேண்டும்.

மணத்துக்காக அவசரப்படுவதில் பயனில்லை. வெளிப்புற வெள்ளைக் கட்டைக்கு வாசனை கிடையாது. நடுவே வைரம் எனப்படும் முதிர்ந்த உள்கட்டை உருவாகும்போதுதான் ஆல்ஃபா சாண்டலால், பீட்டா சாண்டலால் என்னும் மணப்பொருள்கள் அடங்கிய எண்ணெய் சேர்கிறது. வைரம் பாயத் தொடங்கவே ஏறத்தாழ 10 ஆண்டுகள் ஆகும். அதுவும் மரத்துக்கு மரம் வேறுபடுவதால், சில ஆண்டுகளில் கோடி என்று கணக்குப்போட்டுக் கன்று விற்பவர்களின் பேச்சை நம்பாமல் இருப்பதே நல்லது. இடையில் ஸ்பைக் நோய் வேறு உண்டு. ஃபைட்டோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரால் வரும் இந்நோய் தாக்கிய மரத்தில் இலைகள் சிறுத்து, கிளைகள் முள்போல் விறைத்து, ஓரிரு ஆண்டுகளில் மரமே பட்டுப்போகும். இதற்கு நம்பகமான மருந்து இல்லை.

பட்டா நிலத்தில் வளர்த்த சந்தனம் நில உரிமையாளருக்கே சொந்தம் என்ற நிலை தமிழ்நாட்டில் 2002 முதல் இருந்தாலும், அறுவடைக்கு வனத்துறையின் அனுமதி தேவை. எண்ணெய் மிகுதியாக இருப்பது வேரில் என்பதால், மற்ற மரங்களைப் போல அடிமரத்தில் வெட்டிச் சாய்க்காமல், சுற்றிலும் பள்ளம் தோண்டி வேரோடு எடுத்து, வெள்ளைக் கட்டையைச் செதுக்கி நீக்கி, வைரத்தைத் தரம் பிரிக்கிறார்கள்.