லாரித் தண்ணீருக்குச் சொல்லும் முன் ஃப்ளஷ் டேங்க்கைத் திறந்து பாருங்கள்

சென்னை அடுக்குமாடிக் குடியிருப்புகளில் தண்ணீர் எங்கே வீணாகிறது என்று தேடிக் கண்டுபிடிப்பது என் தொழில். பங்குனி பிறந்து லாரித் தண்ணீர்ச் செலவு ஏறத் தொடங்கியதும் சங்கச் செயலாளர்கள் அழைப்பார்கள். போனதும் முதலில் ஒரு குற்றப்பட்டியல் வாசிக்கப்படும். மூன்றாம் மாடிக்காரர் தினமும் கார் கழுவுகிறார், வீட்டு வேலைக்கு வருபவர் குழாயைச் சரியாக மூடுவதில்லை, இப்படி. எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கண்ணெதிரே ஓடும் குழாயை யாராவது ஒருவர் திட்டிக்கொண்டே மூடிவிடுவார். சத்தமில்லாமல் போவதை மூட ஆள் கிடையாது.

நகரத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று தண்ணீர் வழங்கலுக்குக் கணக்கிடுகிறார்கள். அதில் 45 லிட்டர் கழிப்பறை ஃப்ளஷுக்கு மட்டும் ஒதுக்கப்படுகிறது. சமையல், குடிநீர் இரண்டையும் சேர்த்தாலும் அதன் பக்கத்தில் வராது. ஆகவே நான் சமையலறைக்குள் நுழையும் முன் ஃப்ளஷ் டேங்க்கின் மூடியைத்தான் திறப்பேன்.

டேங்க்கின் அடியில் ஒரு ரப்பர் வாஷர் இருக்கிறது. போர்வெல் தண்ணீரின் உப்பு படிந்து அது விறைத்துப்போனால், இரவு பகலாகத் தண்ணீர் கழிப்பறைக் கோப்பைக்குள் வழிந்துகொண்டே இருக்கும். சுவரோடு ஒட்டி இறங்குவதால் கண்ணுக்கும் தெரியாது, காதுக்கும் கேட்காது. கண்டுபிடிக்க எளிய வழி: டேங்க்கில் அரை டம்ளர் காபி டிகாக்‌ஷனை ஊற்றுங்கள். இரண்டாம் டிகாக்‌ஷன் போதும், நல்லதை வீணாக்க வேண்டாம். அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோப்பையில் பழுப்பு நிறம் தெரிந்தால் வாஷர் போய்விட்டது. மாற்றுவதற்கு ஆகும் செலவு ஒரு லாரித் தண்ணீரின் விலைக்குப் பக்கத்திலேயே வராது.

பழைய டேங்க்குகள் ஒரு முறைக்குப் பத்து லிட்டருக்கு மேல் கொட்டும். இரட்டைப் பொத்தான் வைத்தவை மூன்று அல்லது ஆறு லிட்டரில் முடித்துவிடும். உடனே மாற்ற வசதி இல்லையென்றால், ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, மூடி இறுக்கி, மிதவையில் இடிக்காமல் பழைய டேங்க்குக்குள் நிறுத்திவையுங்கள். செங்கல் போடாதீர்கள். அது கரைந்து வால்வை அடைத்துவிடும்.

அடுத்தது குடிநீரிலிருந்து உப்பை நீக்கும் ஆர்.ஓ. இயந்திரம். ஒரு லிட்டர் குடிநீர் தருவதற்கு வீட்டு இயந்திரங்கள் பல இரண்டு, மூன்று லிட்டரைக் கழித்துத் தள்ளுகின்றன. குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. உங்கள் வீட்டுத் தண்ணீர் அதற்குள் இருந்தால் ஆர்.ஓ. எதற்கு? கிருமி நீக்கும் யு.வி. வடிகட்டி போதும். விற்க வருபவர் இதைச் சொல்லமாட்டார், கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரில் நீங்களே அளந்து பாருங்கள். இயந்திரம் தவிர்க்க முடியாதது என்றால், கழிவுக் குழாயை ஒரு வாளிக்குத் திருப்பிவிட்டு, தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் வைத்துக்கொள்ளலாம். தொட்டிச் செடிகளுக்கு நாள்தோறும் ஊற்றினால் மண்ணில் உப்பு ஏறும்.

குழாய் முனையில் காற்றைக் கலந்து தண்ணீரைக் குறைக்கும் ஏரேட்டர், ஷவருக்குப் பதில் வாளிக் குளியல் ஆகியவை உங்களுக்குத் தெரிந்தவைதான்.

மழைநீரைப் பற்றிக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவில் பெய்கிறது. நூறு சதுர மீட்டர் மொட்டைமாடியில் ஐந்தில் ஒரு பங்கு வீணாவதாக வைத்துக்கொண்டாலும் லட்சம் லிட்டருக்கு மேல் இறங்கும். 12,000 லிட்டர் லாரியில் ஒன்பது நடை! தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் உங்கள் கட்டடத்திலும் மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் குழி இருக்கும். பத்து ஆண்டுகளாகத் திறக்கப்படாமல் மணலும் ஜல்லியும் சேறாக இறுகிப்போன குழிகளைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். ஐப்பசி மழைக்கு முன், புரட்டாசியிலேயே மேல் மணலை அள்ளி, ஜல்லியை அலசிப் போடச் சொல்லுங்கள். வேலைக்கு வருபவர், "கார் நிறுத்த இடைஞ்சலாக இருக்கிறது, மேலே சிமெண்ட் பூசிவிடட்டுமா?" என்று கேட்கக்கூடும். துளைபோட்ட மூடி போடச் சொல்லிவிட்டு, அவர் போகும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள்.