வெளிநாட்டு சர்வரில் ஆதாரம்: வழக்கு எங்கே கோட்டை விடப்படுகிறது?

பணத்தை இழந்தவர் ஒரு நாட்டில், ஏமாற்றியவர் இன்னொரு நாட்டில், ஆதாரம் மூன்றாவது நாட்டு சர்வரில். இணையக் குற்ற வழக்குகளில் இது சர்வசாதாரணம். சர்வதேச உடன்படிக்கைகளைப் பற்றி நிறையப் பேசுகிறோம். ஆனால் ஆதாரம் கேட்கும் பல கோரிக்கைகள் அதற்கு முன்பே, நேரம் சரியாக எழுதப்படாத ஒரு கடிதத்திலேயே படுத்துவிடுகின்றன.

வெளிநாட்டு நிறுவனங்கள் தரும் பயன்பாட்டுப் பதிவுகள் (லாக்) பெரும்பாலும் யூடிசி எனும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். அதில் 18:45 என்றால் இந்தியாவிலும் இலங்கையிலும் நள்ளிரவு தாண்டி 12:15; தேதியே மாறிவிடுகிறது. எந்த நாட்டு நேரம் என்று சொல்லாமல் இணையச் சேவை நிறுவனத்திடம் விவரம் கேட்டால், ஐந்தரை மணி நேரம் முன்பு அதே ஐபி முகவரியில் (இணைய இணைப்பின் எண்) இருந்த, ஒரு பாவமும் அறியாதவர் வீட்டுக் கதவு தட்டப்படும். மொபைல் நெட்வொர்க்கில் ஒரே பொது ஐபியை ஒரே நேரத்தில் பலர் பயன்படுத்துகிறார்கள். அவர்களைப் பிரித்துக்காட்ட, ஒவ்வொரு இணைப்புக்கும் தனியாக இருக்கும் சோர்ஸ் போர்ட் எண் வேண்டும். வலைத்தளங்களை இயக்கும் சர்வர் மென்பொருள்களான அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் இரண்டுமே வழக்கமான லாக்கில் அதைப் பதிவதில்லை. வலைத்தளம் நடத்துவோர் லாக் அமைப்பில் தாங்களே சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்தியாவில் லாக்குகளை 180 நாட்கள் வைத்திருக்கச் சொல்லும் செர்ட்-இன் (மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பு) உத்தரவு 2022 ஏப்ரலில் வந்தது. போர்ட் எண் இல்லாத லாக்கை எத்தனை நாள் வைத்திருந்தாலும் ஆளை அடையாளம் காட்டுவது கடினம்.

அடுத்தது, ஆதாரத்தை அழியாமல் காப்பது. இணையக் குற்றங்களுக்கான 2001 புடாபெஸ்ட் சர்வதேச உடன்படிக்கையில் இலங்கை 2015இல் சேர்ந்தது. அதன் 29ஆம் பிரிவின்படி, உறுப்பு நாடு கேட்டால் தரவைக் குறைந்தது 60 நாட்கள் பாதுகாக்க வேண்டும். முறையான கோரிக்கையை அதற்குள் அனுப்பலாம். இந்தியா அதில் உறுப்பினர் இல்லை. பரஸ்பர சட்ட உதவிக் கோரிக்கை (ஆதாரம் தரும்படி ஒரு நாட்டு அரசு இன்னொரு நாட்டு அரசைக் கேட்பது) உள்துறை அமைச்சகம் வழியாகப் போய்த் திரும்ப மாதக்கணக்கில் ஆகும். அதனால் புலனாய்வு அதிகாரி முதல் நாளே நிறுவனத்துக்கு தரவை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லும் கடிதத்தை நேரடியாக அனுப்புவது மிக முக்கியம். பெரிய அமெரிக்க நிறுவனங்கள் வழக்கமாக 90 நாட்கள் பாதுகாக்கும். கெடு முடியுமுன் நீட்டிப்புக் கேட்காவிட்டால் தரவு போய்விடலாம்.

2024 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற இணையக் குற்ற உடன்படிக்கை 40 நாடுகள் உறுதிசெய்த பிறகே நடைமுறைக்கு வரும். அதை நம்பி இன்றைய வழக்கைத் தள்ளிப்போட முடியாது.

புகார் கொடுப்பவர் கணக்கின் பெயரை மட்டும் எழுதக் கூடாது; பெயரை யாரும் நொடியில் மாற்றலாம். அந்தக் கணக்குப் பக்கத்தின் முழு இணைப்பு முகவரியை (லிங்க்) தர வேண்டும். மோசடி மெயிலை ஃபார்வர்டு செய்தால் அசல் ஹெடர் (மெயில் எங்கிருந்து, எந்த வழியாக வந்தது என்ற விவரம்) போய்விடும். மூல மெயிலை அப்படியே டவுன்லோட் செய்து ஒப்படையுங்கள்.