வக்ஃபு: நிலைக்கொடை

குர்ஆன் ஓதப் பழகும் பிள்ளையிடம் ஓதிக்கொடுக்கும் ஹஜ்ரத், "இங்கே வக்ஃபு செய்" என்பார். அந்த இடத்தில் நிறுத்தி மூச்சு விடு என்று பொருள். ஹஜ் பயணத்தில் மக்காவுக்கு அருகே அரஃபா வெளியில் நிற்பதற்கு வுகூஃபு என்று பெயர். இன்றைய அரபு நகரங்களில் வண்டி நிறுத்துமிடம் மவ்கிஃப். எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றே: நில், நிறுத்து. பள்ளிவாசல் சொத்தைக் குறிக்கும் வக்ஃபும் அதில் முளைத்ததுதான்.

சரி, நிலத்தில் எதை நிறுத்துகிறோம்? கைமாறுவதை. அரபு நாட்டின் கைபரில் தமக்குக் கிடைத்த நல்ல நிலத்தை என்ன செய்வது என்று நபித்தோழர் உமர் கேட்டபோது, நிலத்தை அப்படியே வைத்துக்கொண்டு விளைச்சலைத் தருமம் செய்யும்படி நபிகள் நாயகம் சொன்னார்கள். அதன்பின் அந்த நிலத்தை விற்க முடியாது, அது வாரிசுக்கும் போகாது. கோயில் விளக்குக்காக விடப்பட்ட ஆடுகளைச் சோழர் காலக் கல்வெட்டுகள் 'சாவா மூவாப் பேராடு' என்கின்றன. ஆடு சாகும், கிழடாகும். ஆனால் மந்தையின் எண்ணிக்கை குறையக் கூடாது, நெய் தவறக் கூடாது. வக்ஃபின் கருத்தை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் தமிழ்த் தொடரை நான் பார்த்ததில்லை.

மலாய் மொழியில் இது வகாஃப். மலேசியாவின் கிளந்தான் பக்கம் வழிப்போக்கர் இளைப்பாறும் சாவடிக்கே வகாஃப் என்று பெயர். வகாஃப் பாரு என்று ஓர் ஊரும் உண்டு. மொரோக்கோவில் சொல்லே வேறு, ஹபூஸ். காசாபிளாங்காவில் அந்தப் பெயரில் ஒரு பேட்டையே இருக்கிறது.

ஊர் புதுப்பித்தலில் இந்தச் சொல் என்ன பாடுபடும் என்பதைப் பினாங்கில் பார்க்கலாம். அங்குள்ள ஜார்ஜ் டவுனில் தமிழ் முஸ்லிம்களான சூலியாக்களின் தலைவர் காதர் முகைதீன் நிறுவியது கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். 1801இல் கிழக்கிந்தியக் கம்பெனி அதற்கு 18 ஏக்கர் கொடுத்தது. பள்ளியைச் சுற்றி அடக்கத்தலமும் குடியிருப்புகளுமாக ஒரு சிற்றூரே வளர்ந்தது. 1905இல் முகமதிய, இந்து அறக்கொடைகளுக்கென்று ஒரு சட்டம் வந்தது. நிலம் அந்தச் சட்டப்படி அமைந்த வாரியத்தின் கைக்குப் போனது. நெருக்கமான பழைய வீடுகள் பிரிக்கப்பட்டன, செங்கல் கடைவீடுகள் எழுந்தன, வாடகை வந்தது. பள்ளிவாசலும் 1910களில் இன்றைய முகலாய பாணிக் கோலத்தைப் பெற்றது. ஆனால் அந்த நிலத்தையே ஊராகக் கொண்டிருந்த குடும்பங்கள் இடம்பெயர வேண்டியதாயிற்று. நிலம் நின்றது, குடிகள் நிற்கவில்லை. எனக்கு இது மனதை உறுத்துகிறது. கொடுத்தவர் நிறுத்த நினைத்தது மண்ணை மட்டுமா?

சிங்கப்பூரின் பென்கூலன் தெருப் பள்ளிவாசல் வேறு வழியில் போனது. பழைய கட்டடத்தை எடுத்துவிட்டு, 2004இல் புதிய பள்ளியோடு வாடகைக் குடியிருப்பும் சேர்த்துக் கட்டினார்கள்.

அப்புறம், தமிழில் என்ன சொல்வது? அறக்கட்டளை என்றால் டிரஸ்ட். அதில் சில வகையைக் கலைக்கலாம், சொத்தை விற்கவும் வழி உண்டு. இறையிலி என்பது வரி இல்லை என்பதை மட்டும் சொல்லும். பள்ளிச்சந்தம் அழகான சொல், ஆனால் சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு விட்ட நிலத்துக்கு உரியது. வக்ஃபோ கிணற்றுக்கும் மதரஸாவுக்கும் பயணியர் தங்கும் முசாஃபர்கானாவுக்கும்கூட உண்டு. நான் நிலைக்கொடை என்றே எழுதுகிறேன். அரபு வேரில் இருக்கும் 'நில்' இதிலும் இருக்கிறது. கொடுத்தவரான வாகிஃப், நிலைக்கொடையாளர். வக்ஃபை நிர்வகிப்பவரைக் குறிக்கும் முத்தவல்லி என்ற சொல்லை மாற்ற வேண்டாம். அது நம் ஊர்ச் சொல்லாகியே வெகுகாலம் ஆயிற்று.