தீநுண்மிக் குறுக்கீடு

கொரோனா காலத்துக்குப் பிறகு மருத்துவச் செய்திகளில் 'வைரல் இன்டர்ஃபியரன்ஸ்' என்ற தொடர் தொடர்ந்து கண்ணில் படுகிறது. "சளி பிடித்திருந்தால் ஃப்ளூ அண்டாது" என்று பலர் அதற்குப் பொருள் சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பொருளை நம்பி ஒருவர் மூச்சுத்திணறலை அலட்சியம் செய்துவிடக் கூடாது. அதனால் இந்தச் சொல்லைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒரு வைரஸ் ஏற்கெனவே தொற்றிய உயிரணுவிலோ உடலிலோ, அடுத்து வரும் வேறொரு வைரஸ் பெருக முடியாமல் போவது, அல்லது அதன் பெருக்கம் குறைவது. வரையறை இவ்வளவுதான். நோய் லேசாக வருமா, கடுமையாக வருமா என்ற பேச்சே இதில் இல்லை.

'இன்டர்ஃபியரன்ஸ்' என்ற ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. 'ஒன்றையொன்று அடித்துக்கொள்' என்பது அங்கே அதன் பொருள். குதிரை நடக்கும்போது ஒரு காலின் குளம்பு இன்னொரு காலில் இடித்துக்கொள்வதைக் குறிக்க ஆங்கிலத்தில் அது வழங்கியது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இயற்பியலாளர் தாமஸ் யங் அதை ஒளி அலைகளுக்கு எடுத்துக்கொண்டார். வைரஸ் ஆய்வுக்கு அது வந்தது 1930-களில். ரிஃப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சல் வைரஸைச் செலுத்திய குரங்குகள் மஞ்சள் காய்ச்சலிலிருந்து தப்பியதை 1937-இல் ஃபின்ட்லே, மெக்கல்லம் என்ற ஆய்வாளர்கள் இருவரும் பதிவு செய்தார்கள். அந்த நிகழ்வுக்கு அவர்கள் இட்ட பெயர் இதுதான்.

அடித்துக்கொள்வது யார்? இரண்டு வைரஸ்களும் நேருக்கு நேர் மோதிக்கொள்கின்றன என்று நினைக்கத் தோன்றும். 1957-இல் லண்டன் மில் ஹில் ஆய்வகத்தில் அலிக் ஐசக்ஸும் ஜான் லிண்டன்மனும் செய்த சோதனை வேறு விடை தந்தது. கோழிக்கருவின் சவ்வுத் துண்டுகளில், வெப்பத்தால் செயலிழக்கச் செய்த ஃப்ளூ வைரஸை இட்டார்கள். அந்தத் துண்டுகள் கிடந்த நீர்மத்தை எடுத்து வைரஸையே காணாத புதிய சவ்வில் சேர்த்தபோது, அதுவும் ஃப்ளூவை எதிர்த்து நின்றது. தடுத்த பொருளை உயிரணுவே சுரந்திருக்கிறது. குறுக்கிட்டதால் அதற்கு 'இன்டர்ஃபெரான்' என்று பெயர் வைத்தார்கள்.

ஆகவே குறுக்கே நிற்பது நம் உடல். மூக்கின் உள்தோலில் ஒரு வைரஸ் நுழைந்ததும் உயிரணுக்கள் இன்டர்ஃபெரானைச் சுரந்து அக்கம்பக்கத்து உயிரணுக்களை உஷார்படுத்துகின்றன. அவற்றில் நூற்றுக்கணக்கான தற்காப்பு மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. அந்த நாட்களில் வேறொரு வைரஸ் வந்தால் கதவு பெரும்பாலும் சாத்தியிருக்கும். யேல் பல்கலைக்கழகத்தில் எலன் ஃபாக்ஸ்மன் குழு, ஆய்வகத்தில் வளர்த்த மனித மூச்சுப்பாதைத் திசுவில் சாதாரணச் சளி தரும் ரைனோவைரஸை முதலில் தொற்றவைத்தது. மூன்று நாள் கழித்து ஃப்ளூ வைரஸை விட்டபோது அதன் பெருக்கம் பெருமளவு அடங்கிவிட்டது. இன்டர்ஃபெரானின் வேலையை மருந்தால் நிறுத்தியதும் ஃப்ளூ மறுபடி பெருகியது. 2020-இல் வெளியான இந்த ஆய்வைவிடத் தெளிவான சான்றை நான் பார்த்ததில்லை.

ஊர் அளவிலும் இது தெரிகிறது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ வட்டாரத்தில் 2005 முதல் 2013 வரை பதிவான 44,230 மூச்சுநோய் நிகழ்வுகளை அலசியபோது, ஃப்ளூ ஏ ஏறும் காலத்தில் ரைனோவைரஸ் இறங்கியது கண்டறியப்பட்டது.

இனி நோயின் கடுமை. பிரிட்டன் மருத்துவமனைகளில் கோவிட் நோயாளிகளாகச் சேர்ந்து, பிற வைரஸ்களுக்கும் சோதிக்கப்பட்ட 6,965 பேரில் 583 பேருக்கு இன்னொரு வைரஸும் இருந்தது. கோவிட்டோடு ஃப்ளூவும் சேர்ந்தவர்களுக்கு, கோவிட் மட்டும் இருந்தவர்களைவிட வென்டிலேட்டர் தேவைப்படும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு. இறக்கும் வாய்ப்பு இரு மடங்குக்கு மேல். 2022-இல் வந்த கணக்கு இது. முரண்போலத் தோன்றினாலும் முரண் இல்லை. கோவிட் வைரஸ் இன்டர்ஃபெரான் சுரப்பைத் தாமதப்படுத்துவதில் கெட்டிக்காரன். காப்பு எழும்பு முன்பே இரண்டும் உள்ளே வந்துவிட்டால், நுரையீரல் இரண்டு அடியையும் தாங்கியாக வேண்டும். எலிகளில் செய்த சோதனையிலும், ரைனோவைரஸ் இரண்டு நாள் முந்தி வந்தபோதுதான் ஃப்ளூவின் கடுமை நன்றாகக் குறைந்தது. பாக்டீரியா விஷயத்தில் நிலைமை இன்னும் மோசம்: ஃப்ளூவின்போது சுரக்கும் அதே இன்டர்ஃபெரான், நிமோனியா தரும் பாக்டீரியாவை உடல் அழிக்கும் திறனைக் குறைத்துவிடுகிறது.

தமிழில் என்ன சொல்வது? 'தலையீடு' ஆட்களும் அரசுகளும் செய்வது. 'போட்டி' என்றால் உயிரணுவின் பங்கு மறைந்துபோகும். 'எதிர்ப்பு' என்பதைத் தடுப்பாற்றலுக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். பள்ளி இயற்பியல் பாடத்தில் ஒளி அலைகளுக்குப் பழகிய 'குறுக்கீடு'தான் பொருத்தம் என்பது என் துணிபு. 'குறுக்கிடு' என்ற வினையில் 'இடு' நீண்டு 'ஈடு' ஆன தொழிற்பெயர். கெடு கேடானது போல, படு பாடானது போல. பேச்சு நடுவே "குறுக்குச்சால் ஓட்டாதே" என்கிறோமே, அங்கேயும் இதே 'குறுக்கு'தான். யார் குறுக்கிட்டது என்பதை இந்தச் சொல் முன்கூட்டியே தீர்ப்பளிக்காமல் விடுகிறது; அதுவே அதன் பலம்.

வைரஸுக்குத் 'தீநுண்மி', 'நச்சுயிரி' இரண்டும் வழக்கில் உண்டு. இலத்தீனில் வைரஸ் என்றால் நஞ்சு. அதை ஒட்டியது பின்னது. எதை எடுத்தாலும் பிழையில்லை.

இரண்டு வைரஸ்கள் ஒரே வேளையில் இருப்பதைக் குறுக்கீடு என்று எழுதக் கூடாது. அது 'உடன்தொற்று'. ஒன்றின் மேல் பிறகு வந்து ஏறிக்கொள்வது 'மேல்தொற்று'. ஓடும் பேருந்தில் தொற்றிக்கொள்கிறோமே, அந்தத் தொற்று. ரைனோவைரஸின் குறுக்கீட்டால் ஃப்ளூ பரவல் தள்ளிப்போனது என்று எழுதலாம். கோவிட்டும் ஃப்ளூவும் சேர்ந்து நோயாளி மோசமானால், அது உடன்தொற்றால் வந்த கடுமை.