ஆசிரியப் பணிக்குப் பின் காணித் தரகு: வன்னியில் கவனிக்க வேண்டியவை

இலங்கையின் வன்னியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் காணித் தரகில் இறங்கினால், ஊர் அவருடைய வாய்ச்சொல்லை உத்தரவாதமாகவே எடுத்துக்கொள்ளும். "ரீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்று, உறுதியை, அதாவது காணியின் உரிமைப் பத்திரத்தை, விரித்துப் பார்க்காமலே முற்பணம் கொடுக்க முன்வருபவர்களை நான் இந்தத் தொழிலில் அடிக்கடி சந்திக்கிறேன். அவர்களில் பலர் என்னிடம் படித்த பிள்ளைகள், அல்லது அப்பிள்ளைகளின் பெற்றோர். ஆகவே இத்தொழிலுக்கு வர எண்ணும் ஆசிரியர்களிடம் நான் வற்புறுத்திச் சொல்வது ஒன்றுதான்: காணியின் ஆவணங்களை நீங்களே வாசித்து விளங்கிக்கொள்ளும் வரை, வாங்குபவரை அந்தக் காணிக்கு அழைத்துச் செல்லாதீர்கள்.

முதலில் அறிய வேண்டியது அது உரிமைப் பத்திரமுள்ள உறுதிக் காணியா, அரசின் அனுமதிப்பத்திரம் மட்டுமுள்ள பெமிட் காணியா என்பது. வட்டக்கச்சி போன்ற குடியேற்றத் திட்டக் கிராமங்களில் பெருமளவு காணிகள் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் மூலம் வழங்கப்பட்டவை. மூன்று தலைமுறை அங்கே வாழ்ந்து, கிணறு வெட்டித் தென்னை வைத்திருந்தாலும், அனுமதிப்பத்திரம் மட்டும் உள்ள காணி அரச காணியே. பிரதேச செயலாளரின் எழுத்து மூலச் சம்மதமின்றி அதைக் கைமாற்ற முடியாது. ஆனால் நடைமுறையில், ஒரு தாளில் எழுதிச் சமாதான நீதவானின் முத்திரையையும் பெற்றுக்கொண்டு, விற்பனை முடிந்துவிட்டதாகவே இரு தரப்பும் நம்பிவிடுகின்றன. 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, உறுதிக் காணியின் விற்பனைகூட நொத்தாரிசு (உறுதி எழுதிச் சான்றளிப்பவர்) முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும் என்றிருக்க, அனுமதிப்பத்திரக் காணிக்கு எழுதிய அந்தத் தாள் எதற்கு உதவும்?

2009இல் போரில் எல்லாவற்றையும் இழந்து திரும்பிய குடும்பங்களில் இது இன்னும் சிக்கலானது. பொலித்தீன் பையில் பத்திரமாகச் சுற்றி வைத்திருந்த அனுமதிப்பத்திரத்தை ஒரு தாய் என்முன் விரித்தார். அதில் இருந்தது இறந்துபோன கணவரின் பெயர்; அவருக்குப் பின் காணியைப் பெறும் பின்னுரித்தாளரின் பெயர் எழுதப்பட வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. "காணி என்ரதுதானே ரீச்சர், வித்துத் தாங்கோ" என்றார். விற்பதற்கு முன் உரித்து மாற்றம் நடக்க வேண்டும் என்பதை அவருக்கு அமைதியாக விளக்கிப் பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்கு அழைத்துச் செல்வதும் தரகரின் வேலை என்றே கருதுகிறேன். இவ்வகைக் காணிகளின் வாரிசு வரிசையில் ஆண்களுக்கு இருந்த முன்னுரிமை 2022இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தால் நீக்கப்பட்டது என்பதைப் பெண்பிள்ளைகள் மட்டுமுள்ள வீடுகளில் கட்டாயம் சொல்லுங்கள்.

பத்து வருடம் குடியிருந்தால் காணி சொந்தமாகிவிடும் என்ற பேச்சும் பரவலாக உண்டு. காணியை நீண்டகாலம் ஆண்டு அனுபவிப்பதால் வரும் உரிமையைத் தீர்மானிப்பது நீதிமன்றம். அரச காணிக்கு எதிராக அந்த உரிமையைக் கோரவே இயலாது.

உறுதிக் காணியென்றால் காணிப் பதிவகத்தில் பழைய பதிவுகளைத் தேடிப் பார்க்க வேண்டும். உறுதியின் அட்டவணையில் உள்ள நான்கெல்லைகளை நில அளவைப் படத்தோடு ஒப்பிட்டு, பிறகு வேலியோரமாக நடந்தும் பார்க்க வேண்டும். வடபகுதியின் வழமைச் சட்டமான தேசவழமையின் கீழ், பங்குடைமையாளருக்கு உள்ள முன்கொள்வனவு உரிமையையும் (பிறருக்கு முன் தாமே வாங்கும் உரிமை) சட்டத்தரணியிடம் கேட்டறிய வேண்டும். எந்தப் பிள்ளை கனடாவில், எந்தப் பிள்ளை இந்தியாவில் என்பதை நன்கறிந்த ஆசிரியருக்கு, கையொப்பமிட வேண்டிய எவரும் விடுபடாமல் பார்த்துக்கொள்வது எளிது. அதேவேளை, எந்த வீட்டில் கடன், யார் அவசரத்துக்கு விற்கிறார் என்பதும் நமக்குத் தெரிந்திருக்கும். அதை வாங்குபவரின் காதில் போட்டு விலையைக் குறைக்க உதவுவது, பெற்றோர் நம்மிடம் வைத்த நம்பிக்கைக்குச் செய்யும் துரோகம்.

புலம்பெயர்ந்த உறவுகள் வாங்கும்போது 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தை நினைவில் வையுங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்று, இலங்கையின் இரட்டைக் குடியுரிமை இல்லாதவரின் பெயருக்குக் காணியை விலைக்கு எழுத அச்சட்டம் இடம்தராது. பெற்றோரின் காணி வாரிசாக வருவது வேறு. இந்தத் தடையைத் தாண்ட ஊரிலுள்ள சகோதரத்தின் பெயரில் எழுதிப் பின்னர் குடும்பமே பிளவுபடுவதைக் கண்டுவருகிறேன். அத்தகைய ஏற்பாட்டுக்கு நான் துணைபோவதில்லை.

வயல் காணிக்குச் சிறுபோகத் தண்ணீர் கிடைக்குமா, குத்தகைக்குச் செய்பவர் எவரேனும் உண்டா என்பதைக் கமநல சேவை நிலையத்தில் விசாரித்தறியுங்கள். முற்பணத்தை உங்கள் கையில் வாங்கி வைக்காதீர்கள். அது நொத்தாரிசு முன்னிலையில், உடன்படிக்கை எழுதி, விற்பவரிடம் நேரே போகட்டும். தரகுப் பணத்தை யார், எவ்வளவு, எப்போது தருவது என்பதையும் காணியைக் காட்டுவதற்கு முன்பே எழுதி, இரு தரப்பிடமும் கையொப்பம் பெற்றுக்கொள்ளுங்கள்.